மூன்றாம் வகுப்பு என்று நான் எழுதிய சரிவு

பிப்ரவரியில் நடந்தேன். என் குற்றம் அதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போர்ட் பிளேருக்குக் குடிதண்ணீர் தருவது எங்கள் அலுவலகம். தருவது என்று எழுதும்போதே கை கூசுகிறது. மரைன் ஹில்லில் என் வீட்டுக் குழாயில் மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும், வந்த வேகத்தில் போய்விடும். "தண்ணி ஆபீஸ் மாப்பிள்ளைன்னு சொல்லித்தான் எங்கப்பா என் தலையில கட்டுனாரு," என்பாள் என் மனைவி, வாளிகளை வரிசையாக வைத்தபடி. "கல்யாணத்துக்கு முன்னாடி நான் ரெண்டு வேளை குளிச்சவ."

நகரத்துக்கு வெளியே நீர்த்தேக்கம் இருக்கிறது. சுற்றியுள்ள காடும் சரிவும் எங்கள் அலுவலகத்துக்குச் சொந்தம். அந்த நிலத்தை மூன்று வகுப்பாகப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மழைநீர் தேக்கத்துக்குள் இறங்கும் நிலம் முதல் வகுப்பு, அதை யாரும் தொடக்கூடாது. இரண்டாம் வகுப்பை நிபந்தனையோடு குத்தகைக்கு விடலாம். மூன்றாம் வகுப்பு தண்ணீருக்குச் சம்பந்தமில்லாதது, கேட்கிற துறைக்குக் கொடுத்துவிடலாம். நல்ல உத்தரவு, குறை சொல்ல மாட்டேன். நான் சர்வேயர். நடந்து பார்த்து, வகுப்பை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவன்.

எப்போது நடப்பது? மெயின்லேண்டிலிருந்து நிபுணர் குழு வரும்போது. அவர்களுக்கு இந்தத் தீவு ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் இருக்கிறது. கடல் தூங்கும், வானம் கழுவி வைத்த மாதிரி இருக்கும், வருவார்கள். மே கடைசியில் கறுத்துத் திரளும் மேகத்தை, ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் ரத்தாகி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் சனத்தை அவர்கள் கண்டதில்லை. தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்க்க, தண்ணீர் ஓடாத மாதத்தில் கிளம்பினோம். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும்தான்.

இல்லை, ஒருவர் திறந்தார். கொடிகளை வெட்டி எங்களுக்கு வழி உண்டாக்கிக்கொண்டே வந்த பேல்தார். எங்கள் அலுவலகத்துக் கூலிப் பணியாளர், ராஞ்சிப் பக்கமிருந்து கூலிக்கு வந்த குடும்பத்தில் இங்கேயே பிறந்த பெண்மணி. வடக்குச் சரிவில் சருகு நிறைந்த ஒரு பள்ளத்தின் ஓரம் நின்றார். "பாபு, பாரிஷ் மே இதர் நாலா சல்தா ஹை." மழையில் இங்கே ஓடை ஓடும் என்கிறார். குழுவில் ஒருவர், "அப்ப குடை எடுத்துட்டு ஜூன்ல வருவோம் தீதி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன். மூன்று என்று எழுதினேன்.

ஜூனில் ஃபைல் திரும்பி என் மேசைக்கு வந்தது. வடக்குச் சரிவு சுற்றுலா வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் போகிறது. கூடவே வண்டி கழுவவும் ஆயில் மாற்றவும் ஒரு ஷெட். திங்கட்கிழமை கடைசிக் கையெழுத்து.

சனிக்கிழமை பேல்தாரைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளத்தைக் காணோம். பள்ளம் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஓர் ஓடை, மரவேர்களை உருவிக்கொண்டு, கல்லை உருட்டிக்கொண்டு, நேரே தேக்கத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. சரிவு முழுக்க நூறு கண் திறந்து மண் ஒழுகியது. கெண்டைக்காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியாமல் நின்றேன். இந்த மேட்டில் ஆயிலைக் கொட்டினால் என் வீட்டு வாளியில் வந்து விழும். ஊர் வாளிகள் அத்தனையிலும்.

"க்யா பாபு, ஆஜ் ஹசி நஹி ஆதா?" என்றார் பேல்தார். இன்றைக்குச் சிரிப்பு வரலையா என்று. வரவில்லை.

திங்கள் காலை எஞ்சினியர் அறையில் நின்றேன். மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்தவர்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன்."

"பிப்ரவரிக்கு ஒண்ணு, ஜூனுக்கு ஒண்ணா எழுதுவீங்க?"

"தண்ணி அப்படித்தான் சார் ஓடுது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுத்துல குடுங்க, நிறுத்துறேன். ஆனா தப்பு உங்க ஒருத்தரோடதுன்னு எழுதணும். குழுன்னு ஒரு வார்த்தை வந்தாலும் ஃபைல் மெயின்லேண்ட் போகும். அது திரும்பி வர்றதுக்குள்ள பொக்லைன் ஏறிடும். ப்ரமோஷன் லிஸ்ட்ல இருக்கீங்க. யோசிச்சுக்கங்க."

என்ன யோசிப்பது? ஐந்து பேர் நின்று சிரித்த இடத்தில் ஒருவன் மட்டும் குருடு என்று எழுத வேண்டும். தேதியைக் குறித்தவன், குழுவை அழைத்தவன், குடை என்று கேலி செய்தவன் எல்லோரும் காய்ந்த சட்டையோடு இருப்பார்கள். பல்லைக் கடித்தபடி எழுதினேன். என் கவனக்குறைவு. என்னுடையது மட்டும். பேனா முனை தாளைக் கிழித்தது, அதையே கொடுத்தேன்.

சரிவு முதல் வகுப்பானது. எனக்கு மெமோ வந்தது: பொறுப்பின்மைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் தரவும். புதிய பட்டியலில் என் பெயர் இல்லை. மனைவி மெமோவை இரண்டு முறை படித்தாள். "சிரிச்சதுக்கு இது தேவைதான்," என்றாள். பிறகு, "மத்தவனுங்களுக்கு?" என்றாள். 

போன வாரம் முதல் வகுப்பு நிலத்துக்கு எல்லைக்கல் நடப் போனோம். மழை விடவில்லை. வரைபடத்தில் கோடு இருந்த இடத்தில் கடப்பாரையை ஊன்றினேன். பேல்தார் மேலேயிருந்து கத்தினார்: "அவுர் ஊப்பர், பாபு!" இன்னும் மேலே. ஏறிப் போனேன். அவர் காலடியில், கோட்டுக்கு வெளியே இருபது அடி மேலே, மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளித்தது. அலுவலகக் காகிதம் எதிலும் அந்த ஊற்று கிடையாது.

ஊற்றுக்கு மேல்பக்கமாகக் குழி தோண்டினோம். கல்லை இறக்கி, மண்ணை மிதித்து இறுக்கி, நனைந்த தாளில் புது அளவை எழுதினேன். ஒரு மெமோ ஏற்கெனவே இருக்கிறது. இதற்கும் ஒன்று வந்தால் வரட்டும்.