கெத்செமனியில் காத்திருந்தவர்கள்

கார்த்தஹேனா, கொலம்பியாவின் கரீபியன் கரையில் உள்ள பழைய துறைமுக நகரம். தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம், பிற்பகல் மூன்று மணிக்கு நான் அங்கே போய் இறங்கியபோது வெயில் முப்பத்திரண்டு பாகை. அன்று விடியக் கனடாவின் ரொறன்ரோ நகரில், சென் ஜேம்ஸ் ரவுணில் நான் இருக்கும் கட்டடத்தை விட்டு வெளிக்கிட்டபோது மைனஸ் பதினெட்டு. குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து என் சீவியம் இப்படித்தான். ஆறு மாதம் உணவகத்தில் கோப்பை கழுவுவேன். பிறகு முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விடுவேன்.

விமான நிலையத்திலிருந்து நகரம் கிட்டத்தான். டாக்சிக்கு மூவாயிரம் பேசோ, எங்கள் காசில் நாலு டொலர். மணிக்கூட்டுக் கோபுர வாசலடியில் இறங்கி, பழைய நகரத்து மதிலுக்கு வெளியே இருக்கும் கெத்செமனி என்ற ஏழைப் பகுதியில் விடுதி தேடினேன். அறை ஆறாயிரம் பேசோ. விடுதிக்கார அம்மா, மர்த்தா என்று பெயர், என் முகத்தைக் கண்டதும் இரண்டு விரலைக் காட்டி, மாடியைக் காட்டிச் சிரித்தார். எனக்கு விளங்கவில்லை.

மாடியில் இரண்டு தமிழர் இருந்தார்கள்.

"வந்திட்டீங்களோ அண்ணை!" என்று மூத்தவர் எழும்பி நின்றார். அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். எனக்கு முப்பத்தொன்று. பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் சிவநேசன், சுழிபுரம். மற்றவர் யேசுதாசன், மன்னார், என் வயதுதான். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார்கள். "ரொறன்ரோ" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பெயரைக் கேட்கவில்லை.

தேங்காய்ப்பால் விட்டு மீன்குழம்பு வைத்தார்கள். இருந்த ஒரே நல்ல கட்டிலை எனக்கு ஒதுக்கித் தந்தார்கள். எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஏழு மாசம். உங்களுக்குத் தெரியாததே அண்ணை," என்றார் சிவநேசன்.

காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாகக் கனடாவுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் இப்படி நடுவழியில் விட்டுவிடுவது எல்லோருக்கும் தெரியும்தானே என்று அதை எடுத்துக்கொண்டேன். யேசுதாசன் மீன்முள்ளை ஒதுக்கியபடி, "கெத்செமனியெண்டால் விழிச்சிருங்கோ எண்டு யேசு ஆண்டவர் சீடருக்குச் சொன்ன இடம். அவை ஒரு ராத்திரி. நாங்கள் ஏழு மாசம்," என்றார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழும்பிக் கதவைத் திறந்தேன். இருவரும் படிக்கட்டில் இருந்தார்கள். மீசை வழித்து, தலைமயிர் வெட்டி, அழுத்திய சேட்டும் சப்பாத்தும் போட்டு, மடியில் சின்னப் பைகளோடு இருந்தார்கள்.

"எத்தினை மணிக்கு அண்ணை வெளிக்கிடுறம்?"

"எங்கை?"

யேசுதாசன் சிரித்தார். "சோதிச்சுப் பாக்கிறார்."

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. ஏஜென்சிக்காரன் கடைசியாகத் தொலைபேசியில் சொன்னது இது: தமிழ்ப் பெடியன் ஒருவன் பையோடு வருவான், பேர் ஊர் கேட்காதேங்கோ, அவன் சொன்னபடி செய்யுங்கோ. அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

"நான் சும்மா சுத்திப் பாக்க வந்தனான்," என்றேன்.

"உந்த இடத்தையோ? காசு குடுத்தோ?" என்று கேட்டார் சிவநேசன். என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார். "சரி தம்பி, இரும். தேத்தண்ணி போடுறன்."

அதற்குப் பிறகு அவர் என்னை அண்ணை என்று கூப்பிடவில்லை.

நகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கொள்ளையருக்குப் பயந்து கட்டிய மதில் இன்னும் நிற்கிறது. சில இடங்களில் மேலே வண்டி ஓட்டலாம், அவ்வளவு அகலம். மணிக்கூட்டு வாசலுக்கு உட்புறச் சதுக்கத்தில் முன்பு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை விற்றார்கள். இப்போது அதன் ஓரத்து வளைவுகளின் கீழே பெண்கள் தேங்காய் இனிப்பு விற்கிறார்கள். நான் இரண்டு வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை யேசுதாசன் என்னோடு மதிலில் நடக்க வந்தார். பீரங்கி ஒன்றின் பக்கத்தில் இருந்தோம்.

"மனிசி உங்கடை ரொறன்ரோவிலைதான், வோபர்னிலை இருக்கிறா. பிள்ளைக்கு மூண்டு வயசு. நான் இன்னும் காணேல்லை," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் நானும் ஒரே அச்சு. மர்த்தா என்னட்டை, இவர் உம்மடை தம்பியோ எண்டு கேட்டவ," என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது.

"உங்கடை பாஸ்போட்டைத் தாங்கோ. துலைஞ்சு போச்சு எண்டு எம்பசியிலை சொன்னால் உங்களுக்கு வேறை குடுப்பினம். நான் உதிலை போயிடுவன்."

எண்பத்தெட்டில் நான் கனடாவுக்குள் வந்ததும் இன்னொருவரின் கடவுச்சீட்டில்தான். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. இதை யேசுதாசனுக்குச் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

ஐந்து நாள் யோசித்தேன். கோட்டையிலும் சந்தையிலும் அதே யோசனைதான். பிடிபட்டால் சிறை. குடியுரிமையையும் பறிக்கக்கூடும். பிறகு எங்கேயும் போக முடியாது, இந்த அலைச்சலும் முடிந்துவிடும். எனக்கென்று மனைவியோ பிள்ளையோ இல்லை. என்னிடம் இருந்தது அந்தச் சின்னப் புத்தகம் ஒன்றுதான். எட்டாம் நாள் சொன்னேன்.

"ஏலாது."

"பரவாயில்லை," என்றார். "கேக்காமல் விட்டிருந்தால் பிறகு என்னையே திட்டியிருப்பன்."

ஒன்பதாம் நாள் காலை எட்டு மணி. சிவநேசன் வழிக்கென்று சோற்றுப் பார்சல் கட்டித் தந்தார். யேசுதாசன் என் பையைத் தூக்கிவந்து டாக்சியில் வைத்தார்.

"ஒருக்கால் பாக்கட்டோ?"

கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்தேன். படம் இருந்த பக்கத்தை விரித்து, கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, டாக்சியின் பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். தலையை ஒரு பக்கம் கொஞ்சம் சரித்தார். சாரதி ஹோன் அடித்தான்.

"ஓம். சரியாத்தான் இருந்திருக்கும்," என்று மூடித் திருப்பித் தந்தார்.

ரொறன்ரோவில் இறங்கியபோது மாலை ஏழு மணி. குடிவரவு வரிசை நீளமாக இருந்தது. என் முறை வந்ததும் புத்தகத்தை நீட்டினேன். அந்த அதிகாரி அதன் மேலட்டையை மட்டும் பார்த்தார், எத்தனை நாள் என்று கேட்டார், ஒன்பது என்றேன். படப் பக்கத்தைத் திறக்கவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கவும் இல்லை. போ என்று கையைக் காட்டிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் நகரவில்லை. அவர் இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.