தங்கத்தின் வரைபடமும் என் தங்கை ரீத்தாவும்

போன வருட மழைக்காலம் முழுவதும் என் தங்கை ரீத்தா உயிரோடு இருக்கிறாளா என்றே எனக்குத் தெரியாது. வீட்டு வேலைக்குக் குவைத் போனவள். போன புதிதில் இரண்டு முறை பேசினாள். பிறகு அவளுடைய ஃபோன் வேலை செய்யவில்லை. அவளை அனுப்பிய ஏஜென்சிக்காரர் முதலில், "வேற வீட்டுக்கு மாத்தியிருக்காங்க, விசாரிச்சிச் சொல்றோம்" என்றார். பிறகு அவரும் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். பதுளையிலும் கொழும்பிலும் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். காத்திருக்கச் சொன்னார்கள்.

ரீத்தாவின் மகள் ஷாமினி தெமோதரையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில்தான் இருந்தாள். அவளுடைய அப்பா அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டவர். தினமும் நான் வேலை விட்டு வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் சந்தியில் மழையோடு நின்றிருக்கிறேன்.

சகோதர சகோதரிகளே, ரீத்தாவை இரண்டாம் முறை குவைத்துக்கு அனுப்பியது நான்தான். கடவுச்சீட்டில் முத்திரை குத்தியது வேறு யாராகவும் இருக்கலாம். காரணம் நான். அதைச் சொல்லாமல் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதுளை டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி எடுப்பது, ஃபோனுக்குப் பணம் ரீலோட் போடுவது, விண்ணப்பங்களை டைப் அடித்துக் கொடுப்பது, இதுதான் வேலை. ஆட்கள் வராத நேரத்தில் ஃபோனில் வீடியோ பார்ப்பேன். அப்படித்தான் ஒரு நாள் டெக்னிக்கல் அனாலிசிஸ் என்ற பாடம் கண்ணில் பட்டது. விலை ஏறி இறங்கிய தடத்தை வரைபடத்தில் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கிற படிப்பு. தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் இணையத்தில் வகுப்பு எடுத்தார். நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு எனக்கு நன்றாக வரும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவன். விலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அந்தப் பச்சை, சிவப்புக் கேண்டில்களைப் பார்த்தபோது, பாதியில் விட்ட ஏதோ ஒன்று என்னிடம் திரும்பி வந்தது போல இருந்தது. விலை இறங்கி இறங்கி ஓர் இடத்தில் நின்று திரும்பினால் அது சப்போர்ட். ஏறி ஏறி ஓர் இடத்தில் முட்டித் திரும்பினால் ரெசிஸ்டன்ஸ். கோடு போட்டுப் பார்த்தால் சொன்னபடியே நடக்கும். டெமோ கணக்கில், அதாவது பொய்ப் பணத்தில், நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன்.

வகுப்பு எடுத்தவர் இரண்டு விஷயங்களை அடித்து அடித்துச் சொன்னார். ஒன்று, அவசரப்பட்டு உண்மைப் பணத்துக்கு வராதீர்கள். இரண்டு, ஸ்டாப் லாஸ் போடாமல் எதையும் வாங்காதீர்கள். ஸ்டாப் லாஸ் என்பது, விலை இந்த அளவுக்குக் கீழே போனால் நஷ்டத்தோடு வெளியே வந்துவிடு என்று முன்கூட்டியே போட்டு வைக்கிற கட்டளை. "அதுதான் உங்களோட பிரேக்" என்பார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்த நேரத்தில்தான் ரீத்தா முதல் தடவை குவைத்தில் வேலை முடித்துத் திரும்பி வந்தாள். லயத்துக்கு வெளியே, ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணி வாங்க வேண்டும், சின்னதாக ஒரு வீடு கட்ட வேண்டும், இதுதான் அவளுடைய ஆசை. பரம்பரையாகத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காணியும் பார்த்தாகிவிட்டது. உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுத இன்னும் கொஞ்ச காலமாகும் என்று காணிக்காரர் சொன்னார்.

நான் ரீத்தாவிடம், "காசு சும்மாதானே பேங்க்ல கெடக்கு. உறுதி எழுதுற வரைக்கும் எங்கிட்ட குடு. அத்திவாரம் போடுற செலவு அதுலயே வந்துரும்" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் வெளங்காது அண்ணே. நீங்க படிச்சிருக்கீங்க, நீங்க சொன்னா சரி" என்றாள்.

என் மனைவி லூசியா தேயிலைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்னங்க, அது அவ ஒடம்ப ஒடச்சிச் சேத்த காசு" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

ரீத்தா கொடுத்த காசில், ஃபோன் செயலி ஒன்றில் தங்கத்தின் விலையை வைத்து வியாபாரம் செய்தேன். முதலில் லாபம் வந்தது. ரீத்தாவிடம் ஃபோனைக் காட்டினேன். அவள் சிரித்தாள். எனக்குத் தலை வீங்கிவிட்டது. பெரிய தொகைக்கு ஒரேயடியாகத் தங்கம் வாங்கினேன். ஸ்டாப் லாஸும் போட்டுத்தான் வாங்கினேன். விலை இறங்கி அதை நெருங்கியது. கட்டளையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன். மறுபடியும் நெருங்கியது. மறுபடியும் நகர்த்தினேன். கடைசியில் அதை எடுத்தேவிட்டேன். எடுத்துவிட்டு, சட்டைப்பையில் இருந்த செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவரே, இந்தக் கோட்டுக்குக் கீழே மட்டும் போகவிடாதேயும்" என்று செபித்தேன்.

பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஆண்டவரை வைத்தேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வேறு கொடுத்தேன்.

பட்டப்பகலில்தான் அது நடந்தது. ஒரு அம்மாவின் அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். கணக்கில் இருந்த பணம் நஷ்டத்தைத் தாங்காமல் போனதும் அந்தச் செயலியே எல்லாவற்றையும் மூடிவிட்டது. ரீத்தாவின் காசு முழுவதும் போய்விட்டது. ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது, அவ்வளவுதான். "தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வரணும்" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. அடுத்த வாரமே தங்கம் மேலே ஏறியது. அதைப் பார்த்து நான், "என் கணிப்பு சரிதான்" என்று நினைத்தேன். ரீத்தாவை நினைக்கவில்லை.

அவளிடம் சொன்ன நாளில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "லூசியா மச்சிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "சரி அண்ணே. நான் திரும்பப் போறேன். ஷாமினிய மட்டும் பாத்துக்குங்க" என்றாள். தெமோதரை ஸ்டேஷனில் கொழும்பு ரயில் ஏற்றிவிடும்போது ஷாமினி அழவே இல்லை. ரயில் போன பிறகு என் கையைப் பிடிக்காமல் தனியாக நடந்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்த மழைக்காலம்.

அந்த நாட்களில் ஷாமினி பெரிய மனுஷியானாள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் சடங்குக்கு முன்னால் நிற்க வேண்டும். லூசியா மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஷாமினி, போர்வைக்குள்ளிருந்து கேட்டாள், "மாமா, அம்மாவுக்குச் சொல்லியாச்சா?"

நான் பொய் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. "இல்லடா. அம்மா எங்க இருக்குன்னு மாமாவுக்குத் தெரியல" என்றேன். அத்தனை நாள் அந்தப் பிள்ளையிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே ஓடிக்கொண்டிருந்தேன். அவள் அழுதாள். அம்மா போன பிறகு அன்றுதான் அழுதாள்.

நான் வெளியே வந்து கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். லூசியா பின்னாலேயே வந்தாள்.

"செபம் பண்ணுங்க" என்றாள்.

"என்னத்தச் சொல்லி? நான் கேட்டு எது கெடச்சிச்சு?"

"நீங்க எப்பங்க செபம் பண்ணீங்க? ஆண்டவர வேலைக்கில்ல வச்சிருந்தீங்க. ஏத்தி விடு, எறக்கி விடுன்னு. இப்பவாச்சும் அவர் கால்ல விழுங்க."

மஞ்சள் ஒட்டிய கையால் என் தோளைப் பிடித்து அழுத்தினாள். ஈர மண்ணில் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அவளை நான் தொலைத்துவிட்டேன். நீர் கண்டுபிடியும்" என்று மட்டும் சொன்னேன். பேரம் பேசவில்லை. நேர்ச்சை வைக்கவில்லை. வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரத்துக்குள்ளேயே பதில் வந்தது. மழையில் முழுவதும் நனைந்த ஒருவர், நெற்றியில் திருநீற்றோடு, கடை வாசலில் வந்து நின்றார்.

"இங்க அந்தோனின்னு யாருங்க?"

"நான்தாங்க."

"தெமோதரையா? தங்கச்சி பேரு ரீத்தாவா?"

அவர் பெயர் முருகேசு. கொஸ்லந்தைத் தோட்டத்துக்காரர். அவருடைய மனைவி குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறார். வார்டைக் கூட்டும்போது, "மாதாவே, மாதாவே" என்று தமிழில் முனகுகிற சத்தம் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால், கால் உடைந்து படுத்திருக்கிறாள் ரீத்தா. இரண்டாவதாக வேலைக்கு விட்ட வீட்டில் ஃபோனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். மேல்மாடியைக் கழுவும்போது வழுக்கிப் படியில் உருண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டவர்கள் திரும்பி வரவில்லை. நம்பர்களெல்லாம் ஃபோனோடு போய்விட்டன. அண்ணன் பெயர் அந்தோனி, ஊர் தெமோதரை, பதுளை டவுனில் கம்யூனிகேஷன் கடையில் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அதை மனைவி ஃபோனில் சொல்லக் கேட்ட முருகேசு, மண்சரிவு பயத்தில் ஓடியும் ஓடாமலும் இருந்த பஸ்களில் மாறி மாறி ஏறி, பதுளைக்கு வந்து, கடை கடையாகக் கேட்டிருக்கிறார்.

"ஒரு நாள் சம்பளம் போயிருக்குமே அண்ணே" என்றேன்.

"என் சம்சாரமும் அங்கதான இருக்கா தம்பி" என்றார்.

பிறகு தன் ஃபோனைத் துடைத்து, அவர் மனைவி பதிந்து அனுப்பிய ஒலிப்பதிவைப் போட்டார். ரீத்தாவின் குரல். "அண்ணே, நான் உசுரோட இருக்கேன். ஷாமினிகிட்ட சொல்லிருங்க." கடையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் கவுண்டரில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. இருக்கும் இடம் தெரிந்ததால் தூதரகத்துக்கு எழுத முடிந்தது. அவளை அங்கே ஒரு தங்குமிடத்தில் சேர்த்தார்கள். கிறிஸ்மஸுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

ஆண்டவர்தான் அவள் காலை உடைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று ஒரு சகோதரர் என்னிடம் சொன்னார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தக் கால் உடைந்ததற்கு நான் காரணம். அது உடைந்த இடத்தில் தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைத் துடைப்பத்தோடு நிற்க வைத்தது ஆண்டவர். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆண்டவர் எனக்குத் தங்கையைத் திருப்பிக் கொடுத்தார். மற்றவை திரும்பி வரவில்லை. அந்தக் காணியை வேறொருவர் வாங்கி வீடு கட்டிவிட்டார். பஸ்ஸில் போகும்போது ரீத்தா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. மகளின் சடங்கை அவள் பார்க்கவில்லை. படங்களைக் காட்டினோம். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். கால் இன்னும் சரியாக ஊன்ற வராது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியாது. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

வரைபடம் படிப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. கற்றவர்கள், பொறுமையுள்ளவர்கள் செய்யட்டும். நான் விட்டுவிட்டேன். இப்போது கடை முடிந்ததும் ஷாமினிக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் பெண்களுக்காகச் செபிக்காமல் படுப்பதில்லை. குவைத்தில் ரீத்தாவைக் கண்டெடுத்த அந்தச் சகோதரியின், முருகேசுவின் மனைவியின், பெயரையும் சேர்த்துத்தான்.

இன்று சாட்சி சொல்லப் போகிறேன் என்று ரீத்தாவிடம் அனுமதி கேட்டேன். அவள் சொன்னாள்:

"சொல்லுங்க அண்ணே. ஆனா என் காலப் பத்தியும் சொல்லுங்க. சும்மா சந்தோஷமா முடிச்சிராதீங்க."

அதனால் இப்படி முடிக்கிறேன். இங்கே யாராவது தன்னால் தொலைந்துபோன ஒருவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். "நான்தான் தொலைத்தேன்" என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் தேடிப் போவார். ரீத்தா அதோ பின்வரிசையில், ஷாமினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கூட்டம் முடிந்ததும் போய் அவளிடம் பேசுங்கள். அவளால் சீக்கிரம் எழுந்து நிற்க முடியாது. நீங்கள்தான் குனிய வேண்டும்.