லாரியின் இடது சீட்

போன சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு செய்தி தெரிய வந்தது. எங்கள் பள்ளியின் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளில் பதினெட்டுப் பேர் போன வருடக் கடைசி லீவில் கேமரன் மலைக்குப் போயிருக்கிறார்கள்.

வகுப்பில் இருப்பதே பத்தொன்பது பேர்.

பதினெட்டுப் பேர் கிளம்பும்போதும் கதிரவன் தன் செங்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தான். பதினெட்டு அப்பாக்களும் ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுத்தார்கள். பதினெட்டு அம்மாக்களும் தேன் போத்தல் வாங்கினார்கள். எல்லாரும் மாலையில் மட்டற்ற மகிழ்ச்சியுடன் இல்லம் திரும்பினார்கள். அன்றைக்கு எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ஈ, காக்கா இருந்திருக்காது போல.

இது எப்படித் தெரிய வந்தது? சண்டை போடப் போன இடத்தில்தான். வேறு எங்கே போய் நான் எதைத் தெரிந்துகொண்டிருக்கிறேன்?

விஷயம் இதுதான். பள்ளி நாட்காட்டியை மாற்றலாமா என்று மேலிடத்தில் ஒரு யோசனை. வருடக் கடைசியில் வருகிற பெரிய லீவு இனி வேண்டாம். அதைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு மாதம் படிப்பு, இரண்டு வாரம் லீவு என்று வருடம் முழுக்கப் பிரித்துப் போட்டுவிடலாம். யோசனைதான், முடிவில்லை. பெற்றோர் கருத்து என்ன என்று கேட்டு, நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் வந்திருந்தது. அது வந்த அன்று மாலைக்குள் எங்கள் வாட்ஸாப் குழு பற்றி எரிந்தது. பாதிப் பேர் கோபமாக எழுதினார்கள். மீதிப் பேர் அந்தக் கோபத்துக்குக் கைகூப்பும் பொம்மை போட்டார்கள்.

நான் எந்தப் பக்கம்? எதிர்ப்புப் பக்கம். முதல் ஆள்.

இங்கே என்னைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். அந்த லீவைத் திட்டி இதே வாரப் பத்தியில் எத்தனை தடவை எழுதியவள் நீ என்று கேட்பீர்கள். ஆமாம், எழுதினேன். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி லைன் பார்க்கிறவள் நான். லீவு வந்தால் மூன்று பிள்ளைகளையும் வீட்டில் விட்டுப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு வர வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு போன். "அம்மா, அண்ணன் ரிமோட்ட தர மாட்டேங்குது." "அம்மா, அக்கா மெகி முழுக்க சாப்புட்டுச்சு." நியாயப்படி பார்த்தால் புது நாட்காட்டியை மாலை போட்டு வரவேற்க வேண்டியவள் நான்.

ஆனால் எனக்கு ஒரு சீட் வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஈப்போவில் டைல்ஸ் ஏற்றினால் ஜொகூரில் போய் இறக்குவார். வீட்டில் இருக்கிற நாளில் அவர் ஹாலில் போர்வைக்குள் கிடக்கிற ஓர் உருவம். குறட்டை கேட்டால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். பிள்ளைகள் அவரைத் தாண்டிக் குதித்துத்தான் சமையலறைக்குப் போவார்கள். அதே மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வேறு ஆள். பாடுவார். கதை அளப்பார். எந்தப் பாலத்தின் கீழே எந்த ஆறு ஓடுகிறது என்று சொல்வார். எங்கள் வீட்டில் அப்பா என்று ஒருவர் இருப்பது லாரிக்குள் மட்டும்தான்.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பத்து வயதாகிற பிள்ளை, அந்த வருடக் கடைசி லீவில் ஒரு வாரம் அப்பாவோடு லாரியில் போகும். இடது பக்கத்து சீட்.

ஏன் பத்து? மூத்தவனை ஒன்பது வயதில் கூட்டிப்போனார். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கழிப்பறைக்குப் போன பயல், திரும்பி வந்து வேறு ஒருவருடைய லாரியில் ஏறி, பெல்ட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த லாரிக்காரர் ஒரு சீன அங்கிள். பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்து, இவன் நாலைந்து தின்ற பிறகுதான், உன் அப்பா யார் என்று கேட்டாராம். அன்றிலிருந்து பத்து வயது.

மூத்தவன் போய் வந்துவிட்டான். நடுவில் உள்ளவளும் போய் வந்துவிட்டாள். கடைசிப் பெண் கவினாவுக்கு இந்த வருடம் பத்து. லாரியில் கொண்டுபோகிற தலையணைக்கு உறை கூடத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டாள்.

இரண்டு வார லீவில் போனால் ஆகாதா? ஆகாது. கம்பெனியில் ஒரு மேனேஜர் இருக்கிறார். வேலையாட்களைத் தவிர யாரும் ஏறக்கூடாது என்று லாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். வாசலில் நின்று குனிந்து குனிந்து பார்ப்பார். வேலை குறைகிற வருடக் கடைசியில்தான் அவருக்கு முதலாளி லீவு தருவார். அவருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டு. குடும்பத்தோடு மூன்று வாரம் வெளிநாடு போய்விடுவார். அவர் விமானம் ஏறினால் எங்கள் பிள்ளைகள் லாரி ஏறும். பெரிய லீவை வெட்டிவிட்டால்? மனிதர் வாசலிலேயே நிற்பார். கவினா வீட்டிலேயே நிற்பாள்.

இதையெல்லாம் சனிக்கிழமை பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் சொல்ல முடியுமா?

சொல்லவில்லை. யாருமே தங்கள் நிஜக் காரணத்தைச் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை.

கூட்டத்துக்குத் தலைவர் முனியாண்டி அண்ணன். ஏர்கோன் பழுது பார்க்கிறவர். எழுந்ததுமே எச்சரித்தார்.

"கருத்து சொல்றவங்க கொஞ்சம் டீசண்டா சொல்லுங்க. பாரத்துல காரணம் கேட்டிருக்கான். 'புடிக்கல'ன்னு எழுத முடியாதுலா."

உடனே டீசண்டான காரணங்கள் வந்து குவிந்தன. ஒருவர் பண்பாடு கெடும் என்றார். யாருடைய பண்பாடு, எப்படிக் கெடும் என்று யாரும் கேட்கவில்லை. கேன்டீன் நடத்தும் ராஜி அக்கா, பிள்ளைகளின் மனநலம் பாதிக்கும் என்றார். தினமும் பத்தரை மணிக்குக் கரண்டியோடு பிள்ளைகளை விரட்டுகிறவர் அவர்தான். முனியாண்டி அண்ணன் தன் பங்குக்குக் குடும்ப உறவைப் பிடித்துக்கொண்டார்.

தலைமையாசிரியை சாந்தி டீச்சர் மட்டும் மறுபக்கம். குரலை உயர்த்தவே மாட்டார். எனக்குப் பிடிக்காத பழக்கம்.

"ஆறு வாரம் லீவு விட்டா, திரும்பி வரப்போ எட்டாம் வாய்ப்பாடு போயிருது. ஒரு பையன் எந்த வகுப்புன்னே மறந்துட்டு மூணு நாளு பழைய வகுப்புலயே உக்காந்திருந்தான்."

"யாரு பையன் டீச்சர்?"

"சொன்னா சண்டை வரும்."

நான் எழுந்தேன். "டீச்சர், வாய்ப்பாடு மட்டும்தான் படிப்பா? லீவுலதான் பிள்ளைங்க நாலு ஊரு பாக்குறாங்க. அனுபவம் கெடைக்குது. துண்டு லீவுல என்ன அனுபவம் வந்துரும்?"

கைதட்டல். நானும் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பேசினேன்.

சாந்தி டீச்சர் எழுந்தார். அலமாரியைத் திறந்தார். நான்காம் ஆண்டின் கட்டுரை நோட்டுகளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். வருடத் தொடக்கத்தில் எழுதச் சொன்ன கட்டுரை. தலைப்பு: நான் கழித்த விடுமுறை. ஒவ்வொன்றாக வாசித்தார்.

முதல் நோட்டு கேமரன் மலை. இரண்டாவது, கேமரன் மலை. மூன்றாவது வாசித்தபோது சிரிப்பு வந்தது. ஏழாவதில் நின்றுவிட்டது.

"என் பயலுமா?" என்று முனியாண்டி அண்ணன் பாய்ந்தார். "நம்ம காரு கேமரன் போற சிம்பாங் பூலாய் மேடே ஏறாதுலா!"

முன்வரிசையில் ஒரு பெண் கணவன் பக்கம் திரும்பினாள். "என்னை உட்டுட்டா போயிட்டு வந்தீங்க?" அந்த மனிதர் சாமி மேல் சத்தியம் செய்தார்.

வேறொன்றுமில்லை. பயிற்சி நூலில் ஒரு மாதிரிக் கட்டுரை இருக்கிறது. கதிரவன், ஸ்ட்ராபெரி, தேன் எல்லாம் அதில் வந்தவைதான்.

சாந்தி டீச்சர் அதே தாழ்ந்த குரலில் கேட்டார். "ஆறு வாரம் லீவு இருந்துச்சு. எழுத ஏதாச்சும் ஒண்ணு இருந்திருந்தா ஏன் பதினெட்டுப் பேரும் ஒரே பொய்ய எழுதப் போறாங்க?"

வலித்தது. உங்களுக்கு வலிக்கவில்லையென்றால் உங்களுக்குப் பிள்ளை இல்லை.

"ஒண்ணு மட்டும் வேற," என்று கடைசி நோட்டைப் பிரித்தார்.

'என் அப்பா லாரி ஓட்டுநர். நான் அப்பாவோடு ஜொகூர் போனேன். சீட் உயரமாக இருந்தது. கார்களின் கூரை எல்லாம் தெரிந்தது. ஒரு காரின் கூரையில் ஒரு செருப்பு இருந்தது. துறைமுகத்தில் கப்பலைப் பார்த்தேன். அது எங்கள் தாமானில் உள்ள எல்லா வீடுகளையும்விடப் பெரியது. அப்பா தூங்கவே இல்லை. என்னோடு பேசிக்கொண்டே வந்தார்.'

அவ்வளவுதான் கட்டுரை. கீழே சிவப்பு மையில் வகுப்பாசிரியர் எழுதியிருந்ததையும் வாசித்தார். 'முன்னுரை இல்லை. வருணனை இல்லை.' கதிரவன் உதிக்காததற்கு மதிப்பெண்ணைப் பிடுங்கியிருக்கிறார்கள்! எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கோபப்பட நேரம் இல்லை. மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"உங்க கவினாதான் எழுதுனது, மல்லிகா. நீங்க சொன்ன அனுபவத்துக்கு இது ஒண்ணுதான் சாட்சி. இது நெஜம்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜெயித்துவிடலாம். அடுத்தவன் பொய்யைக் கிழித்துத் தொங்கப் போடுவதற்கென்றே வாராவாரம் பேனா பிடிக்கிறவள் நான். வாயைத் திறந்தேன்... வரவில்லை.

"இதுவும் பொய்தான் டீச்சர்."

சொன்னதுதான் சொன்னோம் என்று மீதியையும் கொட்டினேன்.

"அவ இன்னும் போகவே இல்ல. அண்ணனும் அக்காவும் போயிட்டு வந்து சொன்ன கதைய கேட்டு எழுதிருக்கா. இந்த வருஷம்தான் அவ முறை. நீங்க லீவை வெட்டிட்டா அவளுக்கு இல்ல. அனுபவம் அது இதுன்னு சும்மா பேசிட்டேன். எனக்கு அந்த சீட்டு வேணும். அவ்வளோதான்."

மேனேஜர் கதையையும் சொல்லித் தொலைத்தேன். பின்வரிசையில் அதே கம்பெனி டிரைவர்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முனியாண்டி அண்ணன் தொண்டையைச் செருமினார். "நெஜத்த சொல்லணும்னா... லீவு உட்டா வீட்டுக்காரம்மா பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு தெலுக் இந்தான் போயிருவாங்க, அவங்க அம்மா வூட்டுக்கு. அஞ்சு வாரம். எனக்கு வருஷத்துல அதுதான் நிம்மதி."

அவர் மனைவி இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். "வாங்க வீட்டுக்கு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"மனநலமெல்லாம் சும்மாலா," என்று ராஜி அக்காவும் இறங்கி வந்தார். "என் முட்டிக்கு அந்த ஆறு வாரம் ரெஸ்ட்டு வேணும். இல்லாட்டி அடுத்த வருஷம் நிக்க முடியாது."

அப்போதுதான் ஓரத்தில் இருந்த ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். விமலா. மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறாள். ஒரே மகன்.

"எனக்குப் புது நாட்காட்டிதான் வேணும்க்கா. ரெண்டு வாரம்னா தங்கச்சி லீவு போட்டுப் பாத்துக்குவா. ஆறு வாரத்துக்கு ஆளு இல்ல. பூட்டிட்டுத்தான் போறேன். கத்துவீங்கன்னு சொல்லல."

எப்படிக் கத்துவேன்? அது என் கதையும்தானே. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எங்களுக்கு மூச்சு விடக் கிடைக்கிற ஆறு வாரம் அவளுக்குத் தொண்டையில் கிடக்கிறது. இதற்கு எந்த நாட்காட்டியிலும் பதில் இல்லை.

"உன் பையனைக் கொண்டாந்து என் வீட்டுல விடு," என்றேன். "ரிமோட்டுக்கு அடிச்சிக்க இன்னொரு ஆளு. சேந்து பூட்டிட்டுப் போலாம்."

சிரித்தாள். ஆனாலும் தன் கருத்தை மாற்றவில்லை. சரியான பெண்.

பாரத்தை சாந்தி டீச்சர்தான் நிரப்பினார். என் லாரி சீட்டுக்கு 'குடும்ப உறவை வலுப்படுத்துதல்' என்று எழுதினார். முனியாண்டி அண்ணனின் ஐந்து வார நிம்மதிக்கும் அதையே எழுதினார். அவர் மனைவி அந்த வரியை மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னார். விமலாவின் ஆதரவைத் தனியாக, முதல் வரியில் எழுதினார். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கவினாவைப் பிடித்தேன். "ஏன்டி போகாத ஊருக்குப் போனதா எழுதுனே?"

"எல்லாரும் போகாத ஊரைத்தான் எழுதுனாங்க. நானாச்சும் போகப்போற ஊரை எழுதுனேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? முன்னுரை எழுதியிருக்கலாம் என்றா?

பாரத்துக்கு என்ன பதில் வரும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எப்படியும் இந்த வருடக் கடைசிக்குள் எதுவும் மாறாது என்று சாந்தி டீச்சரே பிறகு மெதுவாகச் சொன்னார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அடுத்த வருடம் லீவு இருக்குமோ இருக்காதோ, கவினாவின் தலையணை இந்த வருடம் லாரி ஏறுகிறது.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "அந்தக் கூரைல இருந்த செருப்பு... மூத்தவன் பாத்ததுலா," என்றார். சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை. லாரி சத்தம். கடைசியில், "இதெல்லாம் பேப்பர்ல எழுதிறாத. மேனேஜருக்குத் தெரிஞ்சா சுசாலா, வேலை போயிரும்," என்றார்.

மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதிவிட்டேன். ஆனால் அவரிடம் வேலை செய்கிற டிரைவர் அண்ணன்மார்கள் பாதிப் பேர் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள். அண்ணன்மார்களே, யாராவது வாயைத் திறந்தால்... போன டிசம்பரில் எந்த லாரியில் யார் பிள்ளை உட்கார்ந்து போனது என்று எனக்கும் தெரியும்!