கோதுமை மாவும் என் ஊசிப் பையும்

சப்பாத்திக்கு மாறிய சில மாதங்களில் என் வளையல் முழங்கை வரை ஏறிக்கொண்டது. கையைத் தொங்கவிட்டால் கழன்று விழும். நான் கண்ட முதல் அறிகுறி அதுதான்.

சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவள் நான். சோற்றைக் குறைத்துக் கோதுமை தின்னச் சொன்னார் எங்கள் ஊர் டாக்டர். சொன்னபடியே தின்றேன். வயிறு ஊதியது, ஓயாமல் வயிற்றாலே போனது. ஊசி போட்டு வயிறாரச் சாப்பிட்ட பிறகும் வேர்த்துக் கொட்டிக் கண் இருட்டும் (தாழ்சர்க்கரை: இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்குவது). இரண்டு முறை அடுப்படியில் விழுந்தேன்.

"சாப்பிடாமயே ஊசியப் போட்டுக்கிட்டு, சாப்பிட்டேன்னு சொல்றீங்க அத்தை" என்றாள் மருமகள் செல்வி.

"நாலு சப்பாத்தி தின்னேன்டி. தட்டக் கழுவுனவ நீதானே?"

மகன் முருகேசன் என் ஊசிப் பையைத் தன் அறைக்கு எடுத்துப் போனான். இனிமேல் அவன்தான் போடுவானாம். அவன் அப்பா போன பிறகு ஆறு மா நிலத்தையும் (சுமார் இரண்டு ஏக்கர்) ஒற்றையாளாய்ப் பார்த்தவள் நான். வேளாவேளைக்கு அவன் முன்னால் கையை நீட்டி நின்றேன்.

ஒரு நாள் அவனே ஊசி போட்டு, எதிரில் உட்கார்ந்து என்னைச் சாப்பிட வைத்தான். அவன் கண்ணெதிரே சாய்ந்தேன். அப்புறம்தான் புதுக்கோட்டைக்கு, வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனான்.

அந்த டாக்டரம்மா முதலில் என் வளையலைத்தான் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளிச் சதை எடுத்தார்கள். செலியாக் என்றார் (கோதுமையில் உள்ள ஒரு புரதம் உள்ளே போனால் உடம்பே தன் குடலைத் தாக்கும் நோய்).

"ஒங்க ஒடம்பே கணையத்தத் தாக்குனதால வந்த சர்க்கரைம்மா இது. அப்படிப்பட்டவங்களுக்குக் குடல்லயும் இது வரலாம். தின்னது சேரல, ஊசி மட்டும் வேலை செஞ்சிருக்கு."

"கோதுமைதான் நல்லதுன்னாங்களே டாக்டர்?" என்றான் முருகேசன்.

"மத்தவங்க தின்னலாங்க. ஒங்கம்மாவுக்கு ஆகாது."

கோதுமை, மைதா, ரவை எல்லாம் நின்றன. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. வெளியில் பரோட்டா தின்கிறேனா என்று செல்வி கேட்டாள். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அடுப்படிச் சாமான் அத்தனையையும் மகன் முன்னால் பரப்பினேன்.

"பெருங்காயத்துல என்ன ஆத்தா இருக்கப் போவுது?"

"படிச்சவன்ல நீ, படி."

டப்பாவைத் திருப்பிப் படித்தான். கோதுமை மாவு. டப்பாவைத் தனியே எடுத்து வைத்தான்.

பெருங்காயத்தை விட்டதும் வயிறு அடங்கியது. கொஞ்ச நாளில் சர்க்கரை ஏறியது. "களவா இனிப்பு..." என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். டாக்டரிடம் போனோம்.

"குடல் ஆறுதுங்க. தின்னது இப்பத்தான் ஒடம்புல சேருது" என்று ஊசி மருந்தின் அளவைக் கூட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினேன். அவன் ஊசியை எடுத்தான்.

"ஊசி இல்லடா, பைய இங்கிட்டுக் குடு."

கொடுத்தான்.

என்னைப் போல் ஊசி போடுகிறவர்களுக்குக் காரணமில்லாமல் சர்க்கரை இறங்கி வயிறும் கெட்டால், குடலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சோதனைக்கு முன் நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நோய் தெரியாமல் போகலாம்.

வளையல் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. முன்பு பசித்தால் சாப்பாட்டு வேளை. இப்போது ஊசி போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆறிய சோற்றை என் கையால் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன்.