நந்தியாவட்டை மோதிரம்

நான் பயந்த சுபாவம். காஸைச் சரியாக மூடினோமா என்று பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவள் எந்தக் கிறுக்கில் நெருப்போடு மல்லுக்கட்டுகிற வேலையைக் கற்றுக்கொள்ளப் போனாள் என்று என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் கேட்பார். எனக்கே தெரியாது. மகன் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டான். மானகிரி வீட்டில் நானும் அம்மாவும்தான். போனில் யாரோ ஒரு பெண் வெள்ளிக் கம்பியை வளைத்து இலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரைக்குடியில் ஒரு வெள்ளிக் கடையின் பின்கட்டில் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, மனசு மாறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சொல்லிக்கொடுத்த பெண் என்னைவிட இளையவள். என்னை அக்கா என்பாள், நான் தப்புப் பண்ணினால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். செம்பில் இரண்டு வளையம், பித்தளையில் ஒரு இலை, வெள்ளியில் கோணல்மாணலாக ஒரு மூக்குத்தி. அவ்வளவுதான் நான் கற்ற வித்தை. அந்த வித்தையை நம்பித்தான் அம்மா தன் மெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கருமாதியன்று அம்மாவின் கால் விரலில் இருந்து கழற்றிய மெட்டிகள் அவை. ஒரு கைக்குட்டையில் முடிந்து பீரோவில் வைத்திருந்தாள். அன்றிலிருந்து எந்த நல்லது கெட்டதற்கும் அவள் வாசலைத் தாண்டவில்லை. கோயிலுக்குக்கூடக் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவாள். இந்த நிலைமையில் திருப்பத்தூரில் இருக்கும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். "நீ வராம நான் எப்படிக்கா மணவறையில நிப்பேன்?" என்று கேட்டுக் கண் கலங்கினார். அம்மா பத்திரிகையை வாங்கிச் சாமி மாடத்தில் வைத்தாள்.

அவர் போனதும் கைக்குட்டையை என் முன்னால் அவிழ்த்து வைத்தாள்.

"இத உருக்கி எனக்கொரு மோதிரம் செஞ்சு குடு ஆத்தா."

"இப்ப மோதிரம் எதுக்கும்மா?"

"எதுக்குன்னா, போட்டுக்கத்தான். எல்லாரும் மொதல்ல என் கையத்தான் பாப்பாக, வளவி இல்லாம எப்படி இருக்குன்னு. வெறுங்கையோட போயி நான் அங்க நிக்க மாட்டேன். மோதிரம் வந்தா கல்யாணத்துக்கு வாரேன். வரலையா, என்னைய விட்ருங்க."

கடையில் கொடுத்தால் நன்றாகச் செய்து தருவார்களே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

"கடைக்காரன் இதையேவா உருக்கப் போறான்? இத வாங்கி டப்பாவுல போட்டுட்டு வேற வெள்ளியில செஞ்சு தருவான். எனக்கு இதுதான் வேணும். பூ வச்சுச் செய்யி."

பூ என்றதும் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ன பாக்குற? தலையிலதான் வைக்கக் கூடாது. கையில இருந்தா யாரு கேக்கப் போறா?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "மல்லிகை வேணாம், ஊரு வாய் சும்மா இருக்காது. நந்தியாவட்டையாச் செய்யி. சாமிக்கு வைக்கிற பூவு" என்றாள்.

ஆக, அம்மா ஒரு வருஷத்துக்குப் பிறகு நாலு பேர் முன்னால் வருவதும் வராததும் என் கையில் வந்து நின்றது. எந்தக் கை? மூக்குத்தியையே கோணலாகச் செய்த கை.

மறுநாள் கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் செங்கலை அடுக்கி, உருக்குகிற மண் கிண்ணமான மூசையில் மெட்டிகளைப் போட்டு, வெள்ளி இளகி ஓட மேலே வெங்காரப் பொடியைத் தூவி, காஸில் எரியும் டார்ச்சைப் பற்றவைத்தேன். காஸ் ட்யூப் ஒழுகுகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவித் தடவிப் பார்த்தேன். முந்தானை தீப்பிடிக்குமோ என்று இழுத்து இழுத்துச் செருகினேன். மெட்டி சிவந்து, சரிந்து, திடீரென்று ஒரு உருண்டையாகி மூசைக்குள் ஓடியது. அம்மாவின் காலில் அத்தனை வருஷம் கிடந்தது இனி இல்லை. கையை நிதானப்படுத்திக்கொண்டு அச்சில் ஊற்றினேன்.

ஆறிய துண்டைச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்ததும் ஓரத்தில் வெடித்தது. வெள்ளி தட்டத் தட்டக் கெட்டிப்படும், மறுபடி சூடு காட்டினால் இளகும் என்று படித்திருந்தேன். சூடு காட்டித் தட்டினேன். வெடிப்பு உள்ளே ஓடியது. இன்னொரு தடவை. இன்னும் ஆழமாக. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "வருதா ஆத்தா?" என்று கேட்டாள். வருகிறது என்று வாய் கூசாமல் சொன்னேன்.

வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். சொல்லிக்கொடுக்கும் பெண் ஒரு மூலையைக் குறட்டால் வளைத்தாள். அது வளையாமல் முறுக்கு மாதிரி ஒடிந்தது.

"அக்கா, இதுல ஈயம் கலந்திருக்கு. மெட்டி எப்பவோ ஒடஞ்சு, அத யாரோ ரேடியோவுக்கு வைக்கிற ஈயத்த வச்சு ஒட்டியிருக்காக. உருக்குறதுக்கு முன்னாடி ஒட்டு இருக்கான்னு பாக்கச் சொன்னேன்ல? பாத்தீகளா?"

பார்க்கவில்லை. சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. பழைய நகை என்றால் சாம்பல் நிறத்தில் திட்டு இருக்கிறதா என்று பார், இருந்தால் முழுக்க அராவி எடு, இல்லாவிட்டால் மொத்த வெள்ளியும் கெட்டுவிடும். நெருப்புக்குப் பயந்த பயத்தில் காஸ் ட்யூபைப் பார்த்தேன், முந்தானையைப் பார்த்தேன். உருக்கப் போகிற மெட்டியைப் பார்க்கவில்லை.

"இனி இத ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. முன்கட்டுல இருக்குற கடையில குடுத்து நல்ல வெள்ளியா மாத்திக்கிட்டுப் போங்க. அம்மாவுக்கு எப்படித் தெரியப் போகுது?" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துச் சொன்னாள்.

நானும் போனேன். கடைக்காரர் வெடித்த துண்டை வாங்கித் தராசில் வைத்தார். எனக்கு அப்போது கல்யாண மண்டபம் கண்ணில் வந்து நின்றது. அம்மா விரலை நீட்டி, இது அவுக எனக்குப் போட்ட மெட்டி என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லுகிறாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். ஆயுசு முழுக்க தலையாட்ட வேண்டியிருக்கும். நினைத்ததும் குப்பென்று வியர்த்துவிட்டது.

"குடுத்துருங்கண்ணே, மாத்தல" என்றேன்.

"ஏம்மா, எங்க தராசு மேல நம்பிக்கை இல்லையா?"

"எம்மேலதாண்ணே இல்ல" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒத்திகையெல்லாம் எங்கே போனதோ, "அம்மா, வெள்ளி கெட்டுப்போச்சும்மா, அதுல ஈயம் இருந்துச்சு" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டுவாள், இல்லை அழுவாள் என்று நினைத்தேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"உங்க அப்பா பாத்த வேலை ஆத்தா அது."

அப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கடை வைத்திருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பொங்கல் அன்று படியில் கால் இடறி அம்மாவின் மெட்டி உடைந்துவிட்டதாம். ஆசாரி கடை எதுவும் திறக்கவில்லை. மெட்டி இல்லாத விரலோடு, அதுவும் பொங்கல் நாளும் பொழுதுமாக, வாசலுக்கு வரமாட்டேன் என்று அம்மா காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாசலில் அடுப்பில் பானை காத்திருக்கிறது. அப்பா மெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வாசலில் இருந்த தன் கடைக்கு ஓடி, மோட்டார் ஒயருக்கு வைக்கிற ஈயத்தை வைத்து ஒட்டி எடுத்து வந்திருக்கிறார்.

"சூடு ஆறுறதுக்குள்ள மாட்டிவிட்டு வெரல்ல கொப்புளம் வந்துருச்சு. ஆசாரி கடை தொறந்ததும் மாத்தணும்னுதான் இருந்தேன். அவுக வச்ச ஒட்டு விடவே இல்ல, அப்படியே விட்டுட்டேன்" என்றாள். "அவுக எதத் தொட்டாலும் அப்படித்தான். ஓடும், ஆனா ஒழுங்கா இருக்காது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இப்ப என்னம்மா பண்றது? தட்டுனா வெடிக்குது. இதழ் இதழா வெட்டிப் பத்தவச்சு ஒட்டுனா சூட்டுல ஓட்டை விழும்."

"அப்ப தட்டாமச் செய்யி. பத்தவைக்காமச் செய்யி" என்றாள், உப்பு போடாமல் கஞ்சி வை என்கிற மாதிரி.

தட்டாமல் செய்வதற்கு ஒரே வழிதான் இருந்தது. கணவாய் மீனின் முதுகு ஓட்டில் அச்சு குடைந்து, மோதிரத்தை முழுசாக ஒரே வார்ப்பாக ஊற்றுவது. வகுப்பில் ஒருமுறை காட்டியிருந்தார்கள். நாட்டு மருந்துக் கடையில் ஓடு வாங்கி வந்து இரண்டாக அறுத்து, உள்ளே வட்டமும் அதன் தலையில் ஐந்து இதழும் குடைந்தேன். நந்தியாவட்டை இதழ் நேராக நிற்காது, எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். கொல்லையில் இருந்து பூவைப் பறித்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துக் குடைந்தேன். வெள்ளியை ஊற்றியதும் ஓடு கருகி, மீனும் மயிரும் சேர்ந்து எரிந்த மாதிரி நாற்றம் தெரு முழுக்கப் பரவியது. திறந்து பார்த்தால் இரண்டு இதழ் இல்லை.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி படுத்தால் இதழ் இல்லாத பூதான் கண்ணுக்குள் வந்தது. ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் வெள்ளி கொஞ்சம் குறையும். இன்னொரு தடவைக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று தெரிந்தது. புது ஓடு, புது அச்சு. ஊற்றிவிட்டுத் திறக்கப் பயந்து, பாத்திரம் எல்லாம் கழுவி முடித்துவிட்டுத்தான் போய்த் திறந்தேன்.

ஐந்து இதழும் இருந்தன. ஓட்டின் வரிகள் இதழ்களில் நரம்பு மாதிரி பதிந்திருந்தன. ஒரு இதழ் மட்டும் மற்றதைவிடக் குட்டை. அம்மாவிடம் காட்டி அதையும் சொன்னேன். "செடியில மட்டும் எல்லாம் அளவெடுத்தா பூக்குது?" என்று சொல்லிவிட்டு, மோதிரத்தை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்தாள்.

சொல்லிக்கொடுத்த பெண் பார்த்துவிட்டு, "அழகா வந்திருக்குக்கா. ஆனா பலம் இல்ல. அகட்டிறாதீக, அமுக்கிறாதீக" என்றாள். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அம்மா போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. கழற்றி சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் படுத்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இனி ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குக் காலையில் விரல் வீங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று அவள் குளித்து, சேலை கட்டி, மோதிரத்தை எடுத்து விரல் முட்டியில் வைத்துத் திருகியபோது நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். இரும்மா, சோப்பு கொண்டு வாரேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பூவுக்கு நேர் பின்னால் மோதிரம் பிளந்திருந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா இனி கட்டிய சேலையை மாற்றிவிடுவாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா பிளந்த மோதிரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கைக்குட்டையில் முடிந்து பர்ஸுக்குள் வைத்தாள்.

"எந்திரித்தா. திருப்பத்தூர் பஸ்ஸு போயிரும்."

"வெறுங்கையாவாம்மா போற?"

"நட ஆத்தா" என்றாள்.

மண்டபத்தில் கடைசி வரிசையாகப் பார்த்து உட்கார்ந்தோம். எனக்கு முள்மேல் இருக்கிற மாதிரி இருந்தது. மாமா வந்து அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பிறகு சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்தார்கள். அதில் ஒரு அத்தையின் பார்வை அம்மாவின் கழுத்தில் ஆரம்பித்து மெதுவாக மணிக்கட்டுக்கு இறங்குவதை நான் பார்த்தேன். அவர் உச்சுக்கொட்டுவதற்கு வாயைக் குவித்தார்.

அம்மா அதற்குள் பர்ஸைத் திறந்து, கைக்குட்டையை அவிழ்த்து, மோதிரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாருங்க மதினி, எம் மக செஞ்சது."

அத்தை குனிந்து பார்த்து, "ஒடஞ்சுல்ல இருக்கு?" என்றார்.

"ஆமா. ஒட்டவச்சது அவுக, உருக்குனது இவ, ஒடச்சது நானு" என்றாள் அம்மா. பொங்கல் அன்று கால் இடறியதில் இருந்து கதையை ஆரம்பித்தாள். முன் வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். கொப்புளம் வந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். மோதிரம் ஒருத்தர் கையில் இருந்து இன்னொருத்தர் கைக்குப் போய், வரிசையின் அந்தக் கோடிவரை போய்விட்டது. அது திரும்பி வருகிறவரை அம்மா கையை மடக்கவில்லை. வளையலும் மோதிரமும் இல்லாத அந்தக் கையை அத்தனை பேர் நடுவில் நீட்டியபடியே பேசிக்கொண்டிருந்தாள்.