தேசம்மா முடைந்த தொப்பி

மண்டபத்தை விட்டு நூறடி நடந்த பிறகுதான் செருப்பு மாறியிருப்பது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் என் தேய்ந்த ரப்பர் செருப்போடு வீட்டுக்குப் போகட்டும். நான் அவருடைய தோல் செருப்பில், அது காலுக்குப் பெரியது, சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு சென்ட்ரலை நோக்கி நடந்தேன். கோபம் வந்தால் எனக்குக் கால்தான் முதலில் கிளம்பும். எட்டாம் வகுப்பில் தவறியபோது கிளம்பிய கால், இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

உள்ளே கோகன்தாவுக்கு நினைவுக் கூட்டம். வங்காளத்து நாடகக்காரர்; நடிகர், இயக்குநர், இசைக்காரர் மூன்றும் ஒரே உடம்பில். தா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். அவரிடம் நான் ஏழு வருடம் திரைக்கயிறு இழுத்திருக்கிறேன். படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தொப்பி. அகன்ற விளிம்பு வைத்த, பனையோலையில் முடைந்த தொப்பி; அவர் நாடகத்தில் டச்சுக்கார கவர்னர் வைத்துக்கொள்வது. கீழே அட்டையில் எழுதியிருந்தது: கலைஞர் தம் கையால் முடைந்தது.

அந்த மனிதருக்கு வெற்றிலையை மடிக்கவே இன்னொருவர் வேண்டும்.

குனிந்து கண்ணாடியில் மூக்கை வைத்தேன். கண்ணாடிக்கு ஏது வாசனை? ஆனாலும் எனக்கு அடித்தது. சேறும் ஓலையும் எச்சிலும் கலந்த வாசனை. எச்சில் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பழவேற்காட்டு ஏரியில் வலையும் தோணியும் இல்லாதவர்கள் கையாலேயே இறால் பிடிப்பார்கள். மார்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். அகப்பட்டதைப் போட ஒரு ஓலைக் கூடை; அதைப் பறி என்பார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். காலையில் கடித்தால் வெயில் ஏறும்வரை வாய் திறக்க முடியாது. தேசம்மா அப்படி இறால் பிடித்தவள். தொப்பியை முடைந்ததும் அவள்தான். பறிக்குப் போடும் அதே பின்னலைக் கவர்னர் தலைக்கும் போட்டிருந்தாள்.

கோகன்தாவை நான் பிடித்தது கரக்பூர் ரயில் நிலையத்தில். கேன்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு நாடகக் குழு வண்டி மாற இறங்கியது. பெட்டிக் கயிறு அறுந்து, நடைமேடை முழுக்கத் தாடியும் கிரீடமும் உருண்டன. பொறுக்கிக் கொடுத்தேன். அவர் உதவவில்லை, பெட்டி மேல் உட்கார்ந்து கிளாரினெட் வாசித்தார். வாசித்து முடித்து, "வருகிறாயா?" என்று கேட்டார். ஈரக் கையோடு வண்டி ஏறினேன். அவ்வளவுதான் என் வேலை மனு.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போகும் கூத்துக் குழுவில் சிறுவயதில் ராணி வேஷம் கட்டியவர். குரல் உடைந்ததும் வேஷம் போயிற்று. கல்யாண ஊர்வலத்தில் கிளாரினெட் வாசித்துச் சாப்பிட்டார். பிறகு கல்கத்தாவில் பெரிய நாடகக்காரர்களிடம் இருந்து, சண்டை போட்டு, சொந்தக் குழு தொடங்கினார். மேடையில் அவர் சும்மா நின்றாலே கூட்டம் இருமாது. எந்தச் சத்தத்தையும் தாளமாக்கிவிடுவார். பழவேற்காட்டில் தோணி விளிம்பைக் குச்சியால் தட்டி மீனை வலைக்குள் விரட்டுவார்களே, அந்தத் தட்டை ஒரு பகல் உட்கார்ந்து கேட்டார். அதுவே அங்கே போட்ட நாடகம் முழுவதற்கும் மேளமாயிற்று. திருடர் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. வித்தை என்றுதான் தோன்றியது.

அவரைப் பழவேற்காட்டுக்குக் கூட்டி வந்தது என் வாய். என் ஊர் திருப்பாலைவனம் பக்கம். எங்கள் பக்கம் டச்சுக்காரன் கல்லறை இருக்கிறது, வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடு காவல் நிற்கும் என்று ஒருநாள் பெருமையடித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டச்சுக்காரன் அங்கே கட்டிய கோட்டையிலிருந்து கப்பலில் துணி மட்டும் ஏற்றவில்லை, ஆட்களையும் ஏற்றினான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பஞ்சத்தில் தங்களையே விற்றவர்களை ஏற்றினான். வங்காளக் கரையில் கொள்ளைக்காரர்கள் பிடித்து வந்து விற்றவர்களையும் ஏற்றினான். "என் ஊர்க்காரனையும் உன் ஊர்க்காரனையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறான்" என்றார். அடுத்த மாதமே குழுவோடு ஏரிக்கரையில் இறங்கினோம்.

மீனவர்களே நடிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். நெட்டையான முனுசாமியைக் கவர்னர் ஆக்கினார். மற்றவர்கள் அடிமைகள். மறுநாள் ஒத்திகைக்கு ஒருவரும் வரவில்லை. ஊர்த் தலைவர் ஏழுமலை நைனாவிடம் கேட்கப் போனேன். வலையிலிருந்து நண்டுக்காலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"தெனிக்கும் ஒருத்தனே தொரையா? இன்னா நியாயம்யா இது?"

"அவன்தான் நைனா நல்லா நடிக்கிறான்."

"நல்லா வலை போடறான்னு ஒருத்தனுக்கே முகத்துவாரத்த எழுதிக் குடுத்துட்டமா? பாடு போடு. சீட்டுல எவன் பேரு வருதோ அவன் அன்னிக்குத் தொரை. மத்தவன்லாம் அடிமை."

பாடு என்றால் முறை. ஏரியில் நல்ல மீன் விழும் இடம் கொஞ்சம்தான். யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதை நாடகத்துக்கும் கேட்டார் நைனா.

கோகன்தா குதித்தார். நடிப்பு என்ன மீனா என்று கத்தினார். அன்று முழுக்கக் கிளாரினெட் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. காலையில் பார்த்தால் கண் மின்னுகிறது. எல்லாரும் எல்லா வசனமும் படிக்கட்டும்; ஆண்டானும் அடிமையும் தினமும் மாறட்டும் என்றார். என் எட்டாம் வகுப்புக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. சீட்டைத் தேங்காய்ச் சிரட்டையில் போடுவேன், நைனா எடுப்பார்.

கோகன்தா கண்டுபிடித்த சீட்டு நாடகம் என்று இன்று மேடையில் ஒரு பேராசிரியர் பேசினார். நான் இருமினேன். பக்கத்திலிருந்தவர் மிட்டாய் கொடுத்தார்.

ஆனால் நைனாவின் நியாயத்துக்கும் ஒரு வேலி இருந்தது. கையால் இறால் பிடிக்கும் குடும்பங்கள் ஊர்க்கோடியில் தனியாக இருந்தன. ஏரியில் அவர்களுக்குப் பாடு கிடையாது. ஊர் விட்ட இடத்தில் இறங்கலாம், அவ்வளவுதான். நாடகத்திலும் அப்படியே. அவர்கள் எந்நாளும் அடிமை. "அடிமை எப்படி நிற்க வேண்டும் தெரியுமா?" என்று கோகன்தா என்னைக் கேட்கச் சொன்னபோது தேசம்மா சொன்னாள்: "நாங்க நடிக்கத் தேவயில்ல சார். நின்னாவே போதும்."

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். நின்றபடியே எல்லார் வசனமும் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாள். ஒருநாள் தொப்பியை முடைந்துகொண்டே கேட்டாள்.

"எழுதறவனே, ஒரு சீட்டுல என் பேரும் போடேன்."

முனுசாமி சிரித்தான். "பொம்பளத் தொரையா? ஷோக்காத்தான் இருக்கும்."

"நீ தொரையா நின்னப்ப தொடை நடுங்குச்சே, அதுக்கு நான் தேவல. நாளெல்லாம் வாயில பறி. ஒரு நாளாவது வாயத் தொறந்து அதட்டிப் பாக்கறேனே."

நைனா யோசித்துவிட்டு, "நாடகத்துலதானே, போட்டுட்டுப் போ. தண்ணில கேக்காம இருந்தா சரி" என்றார். கோகன்தா அவளைக் கட்டிப்பிடிக்காத குறை. இதுதான் நாடகம், இதுதான் நாடகம் என்றார்.

சுற்றுக் குப்பங்களில் ஏழு முறை ஆடினோம். ஏழிலும் அவள் பேர் வரவில்லை. ஒவ்வொரு முறையும், "இன்னிக்கும் இல்லியா? சரி வுடு, தண்ணி எங்க ஓடிடப் போவுது" என்று வரிசையில் போய் நிற்பாள்.

எட்டாவது ஆட்டம் கல்லறைக்குப் பக்கத்து மணலில். கல்கத்தாவிலிருந்தும் டில்லியிலிருந்தும் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். அன்று மதியம் கோகன்தா என்னைத் தனியே கூப்பிட்டார். "தேசம்மா சீட்டை எடுத்துவிடு. இன்றைக்கு மட்டும். அவள் குரல் பின்வரிசைக்குக் கேட்காது."

சரி என்றேன். அவரிடம் நான் எப்போதும் சரிதான். பிறகு தாழஞ்செடி மறைவில் உட்கார்ந்து பதினான்கு சீட்டு எழுதினேன். பதினான்கிலும் தேசம்மா என்றே எழுதினேன். நியாயத்தை நானே நிலைநாட்டிவிட்ட மிதப்பு. முட்டாளுக்கு அது வந்தால் இறங்காது.

நைனா எடுத்தார், படித்தார். "தேசம்மா." அவள் ஓடவில்லை. மெதுவாக வந்தாள். தொப்பியை எடுத்து, ஓலைத் தூசி தட்டி, தலையில் வைத்துக்கொண்டாள். கவர்னரின் முதல் வசனம், "இந்தத் தண்ணீர் யாருடையது?" அவள் தன் பாணியில் சொன்னாள்.

"இந்தத் தண்ணி யாருது?"

பின்வரிசைக்குக் கேட்டது. கல்லறைக்கு உள்ளேயும் கேட்டிருக்கும்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பாடு பிரிக்கச் சீட்டெடுத்தால், கள்ளமில்லை என்று காட்ட மிச்சச் சீட்டையும் எல்லார் முன்னால் பிரிக்க வேண்டும். நாடகம்தானே என்று ஏழு முறை விட்டுவிட்டார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் முறையாகச் செய்ய ஆசைப்பட்டு நைனா அன்று சிரட்டையைக் கவிழ்த்தார். ஒன்று பிரித்தார். இன்னொன்று. மூன்றாவதைப் பிரிக்கும்போது அவர் கை நின்றது.

"இன்னா மே இது?" என்று தேசம்மாவைக் கேட்டார்.

"எனுக்கு எழுதத் தெரியாதுன்னு ஒனக்கே தெரியும் நைனா."

"கள்ளச் சீட்டு! கள்ளச் சீட்டு!" முனுசாமி எழுந்தான். ஊரே எழுந்தது. ஏரியில் வலையை அறுத்தால்கூட மன்னிப்பார்கள், சீட்டில் கள்ளத்தை மன்னிக்க மாட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் கோகன்தா மணலில் இறங்கினார். நேரே அவளிடம் போனார். அவள் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்தார். எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில், அந்தப் பெரிய குரலில், அதே வசனத்தைச் சொன்னார். ஊர் திகைத்து உட்கார்ந்துவிட்டது. தேசம்மா தண்ணீர்ப் பக்கம் நடந்தாள். அவள் ஆட்களும் பின்னால் போனார்கள். காலி மணலைப் பார்த்து கவர்னர் அதட்டினார்.

விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எல்லாம் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்.

அவர் மறுக்கவில்லை. மறுக்காததே அவர் செல்வாக்கின் ஆரம்பம். அதன்பிறகு ஊர் ஊராக ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தக் காட்சி உண்டு என்று பின்னால் கேள்விப்பட்டேன். கல்கத்தா நடிகை ஒருத்தி தொப்பி வைத்து ஒரு வசனம் சொல்வாள், இவர் பிடுங்குவார், கூட்டம் மூச்சு விடாது. விருது வந்தது, வெளிநாடு வந்தது, சினிமாவுக்கு இசையமைக்க ஆள் வந்தது. ஒரு பெண்ணின் தலையிலிருந்து ஒருமுறை நிஜமாகப் பிடுங்கியதை ஆயிரம் முறை பிடுங்கிக் காட்டியே பெரிய ஆள் ஆனார்.

அந்த எட்டாவது ஆட்டத்தன்று வெளிச்சம் மறையுமுன் ஊர் கூடித் தீர்த்தது. தேசம்மா வீட்டார் இனி அந்தக் கரையில் இறங்கக் கூடாது. நான்தான் எழுதினேன் என்று கத்தினேன்.

"தெரியும்" என்றார் நைனா. "ஒன் கையெழுத்து எங்களுக்குத் தெரியாதா? ஒன்னத் தண்டிக்க ஒனக்கு இங்க இன்னா தண்ணி கீது? சீட்டு கெட்டா, சீட்டுல இருக்கற பேருக்குத்தான் தண்டனை."

கோகன்தாவிடம் ஓடினேன். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவள் சீட்டை எடுக்கச் சொன்னது நீங்கள்தானே என்றேன். விருந்தாளிகள் நடுவில் கிளாரினெட் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் பேசலாம் என்று கை காட்டினார். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை; அவர் போய்விட்டார், இப்போது மாலை போட்ட படத்துக்குள்.

சில வருடம் முன்பு பழவேற்காடு போனேன். எலும்புக்கூடுகள் நிற்கின்றன, கல்லல்லவா. நாங்கள் ஆடிய மணலில் வேலி. நைனா இல்லை. ஊர்க்கோடியில் அந்தக் குடிசைகள் இல்லை. அவர்கள் துழாவிய ஓரத் தண்ணீர் தூர்ந்து முள் முளைத்துக் கிடக்கிறது. ஆரம்பாக்கம் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். ஆந்திராவுக்கு என்றார் இன்னொருவர். தேசம்மா என்ற பெயரை நினைவு வைத்திருந்தவர் ஒரே ஒருவர், முனுசாமி. "அந்தக் கள்ளச் சீட்டுப் பொம்பளையா?" என்று கேட்டான்.

தொப்பி பறிபோன அன்று மாலை நான் துணி மூட்டையோடு கிளம்பியபோது அவள் தண்ணீர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பறி மடியில் கிடந்தது, காய்ந்து. காலில் விழலாம் என்று போனேன். அவள் திட்டவில்லை.

"ஒன்ன யாரு கேட்டா? ஒரு சீட்டு இருந்துச்சு. அது போதும். இன்னிக்கு இல்லன்னா இன்னொரு நாளு வந்திருக்கும்."

திருப்பாலைவனம் வரை நடந்தேன். சொந்த ஊர் ஓரமாகத்தான் பாதை, நுழையவில்லை. பஸ் நிற்குமிடத்தில் படுத்து, முதல் பஸ்ஸில் மீஞ்சூர் போனேன். நெல் மில் ஒன்றில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாப்பா, எழுதப் படிக்கத் தெரியுமா? சீட்டு போடற வேல ஒண்ணு காலியா கீது. நெழல்லயே ஒக்காந்துக்கலாம்."

தெரியாது என்றேன். மூட்டை தூக்கப் போனேன்.