பாதி வெண்ணெய் எடுத்த பால்மாவு

குழந்தைப் பால்மாவு விற்கும் தொழிலில், குடிக்கிற ஆள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாது. அதற்கும் சேர்த்து வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பேசுவார்கள். கடையில் நின்றே கால் வீங்கின சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? வெள்ளைக்காரன் காலத்தில் மதுரை கீழமாசி வீதியில், ஓர் இங்கிலீஷ் மருந்துக்கடையில் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன்.

வெண்ணெய் எங்கே?

பக்கத்துக் கிராமமான பரவையிலிருந்து முத்துக்கருப்பன் வந்தார். காடுகரை வைத்துப் பிழைக்கிற சம்சாரி. பெண்டாட்டிக்குப் பிரசவத்தில் ஜன்னி கண்டு பால் வற்றிவிட்டது. கைக்குழந்தைக்கு டின்பால்தான் கதி. கடையின் முன்கட்டில் உட்காரும் எங்கள் டாக்டர், பாதி வெண்ணெய் எடுத்த மாவை எழுதிக் கொடுத்தார். பிஞ்சு வயிறு முதலில் அதைத்தான் தாங்கும் என்றார்.

அதையே நானும் சொல்லி டின்னை நீட்டினேன். நம் ஊரில் வெண்ணெய் எடுத்த பாலை விற்கிறவனுக்குத் திருடன் என்றுதானே பெயர்? டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், குரலை உயர்த்தாமல் கேட்டார்: "வெண்ணெய நீங்க எடுத்துக்கிட்டு, வெறும் மாவ எம் புள்ளைக்குக் குடுக்குறீகளாக்கும்?"

ஈடுகட்டின கதை

சில நாளில் திரும்பி வந்தார். ஒரு துணிப் பொட்டலத்தை என் மேசைமேலேயே பிரித்தார். குழந்தை ஆய் போன துணி. இந்தத் தொழிலில் இது சகஜம். வாயால் சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோமாம். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து இறுகிக் கிடந்தது. பிள்ளை முக்கி முக்கி அழுகிறது, வயிறு உப்பிவிட்டது, பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறது. விசாரித்தால், நாங்கள் 'எடுத்த' வெண்ணெயை ஈடுகட்ட, வேளாவேளைக்கு எருமை வெண்ணெயை உருக்கிக் கலந்திருக்கிறார் மனுஷன். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

டாக்டர் பொறுமையாகவே சொன்னார். குழந்தையின் குடலில் நல்ல கிருமிகள் உண்டு. தாய்ப்பாலின் கொழுப்பு அவற்றுக்கு ஒத்துப்போகும். எருமைக் கொழுப்பு செரிக்காமல் சோப்பு மாதிரி இறுகிவிடும். அப்புறம் நல்ல கிருமி ஒடுங்கும், கெட்டது தலையெடுக்கும். இப்படியே போனால் பிள்ளை தங்காது என்றும் சொன்னார். முத்துக்கருப்பன் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏண்ணே, வயித்துல கிருமி வளக்கத்தான் டின்னு விக்கிறீகளா?"

படியேறி வந்தவள்

இனி வெண்ணெயைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கி அனுப்பினோம். அப்புறம் ஆளைக் காணோம். பரவைக்காரர் யாராவது கடைக்கு வந்தால் கேட்க வாய் வரும். என்ன சொல்வார்களோ என்று பயந்து விழுங்கிக்கொள்வேன். அந்த நாட்களில் எனக்குச் சரியான தூக்கமில்லை.

ஒரு மத்தியானம் மெலிந்த பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு படியேறினாள். முத்துக்கருப்பனின் பெண்டாட்டி பேச்சியாம். வெண்ணெய்ச் சட்டியைப் புருஷன் கைக்கு எட்டாமல் ஒளித்து வைத்தது அவள்தானாம். குழந்தைக்கு வயிறு வடிந்து, மலம் இளகி, இப்போது கேட்டுக் கேட்டுக் குடிக்கிறதாம். அது எட்டி என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. பேச்சி அதைத் தடுக்கவில்லை. "எம் பாலு வத்துனதுக்கு, புள்ளயக் கொல்லப் பெறந்தவளுன்னு ஊரே பேசுச்சு அண்ணே. இனி எம்புட்டு வேணா பேசட்டும், எம் மக இருக்கா."

பால்மாவு விற்றதில் எனக்கு மிஞ்சினது ஒரு கெட்ட பழக்கம்தான்: சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் யார் வந்து பிள்ளையின் வயிற்றைப் பற்றிப் பேசினாலும், முகத்தைச் சுளித்துக்கொண்டே சோற்றை மூடிவைத்துவிட்டு முழுக்கக் கேட்கிறேன்.